கரையாத கடன்

2025 டிசம்பரில் ரிசர்வ் வங்கி, வங்கிகளுக்குத் தான் தரும் கடனுக்கான ரெப்போ வட்டியை 5.25 சதவீதமாகக் குறைத்ததும் என் அண்ணன் மகனுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஏற்கெனவே ஒரு ஃபிளாட்டுக்குத் தவணை கட்டுகிறவன், ஒரகடம் பக்கம் இன்னொன்றுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்து எனக்குப் பாடம் எடுக்கிறான்: "கடன் வாங்கித்தான் சொத்து சேர்க்கணும் சித்தப்பா. விலைவாசி ஏற ஏறக் கடன் தானா கரைஞ்சிடும்."

இந்த வசனத்தைக் கேட்காமல் ஒரு கல்யாண வீட்டிலிருந்து நான் திரும்பியதில்லை. கணக்குப் படித்தவர்களே இதை ஒப்பிக்கும்போதுதான் எனக்கு ஆத்திரம் பொங்குகிறது.

2020 ஜூனில் வீட்டுக் கடன் வாங்கிய ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். ரெப்போ அப்போது 4 சதவீதம். 7 சதவீத வட்டியில் 50 லட்சம், 20 ஆண்டு. மாதத் தவணை ஏறக்குறைய 38,800 ரூபாய். 2022 ஏப்ரலில் சில்லறைப் பணவீக்கம் 7.79 சதவீதத்தைத் தொட்டது. இவர்கள் சொல்கிறபடி அந்தக் கடன் அன்றைக்குக் கரையத் தொடங்கியிருக்க வேண்டும். நடந்தது என்ன? மே 4ஆம் தேதி, அட்டவணையில் இல்லாத கூட்டம் போட்டு ரிசர்வ் வங்கி வட்டியை ஏற்றியது. 2023 பிப்ரவரிக்குள் ரெப்போ 6.5. அவருடைய 7 சதவீதம் 9.5 ஆனது.

இரண்டு ஆண்டு தவறாமல் கட்டிய பிறகும் அசல் பாக்கி சுமார் 47.5 லட்சம். அதற்கு 9.5 சதவீதத்தில் மாத வட்டி மட்டும் 37,600 ரூபாய். பழைய தவணையையே கட்டினால் அசலில் கழிவது ஆயிரத்துச் சொச்சம். பாக்கியிருந்த 18 ஆண்டு 37 ஆண்டாக நீளும். பேரன் காலத்தில்தான் பத்திரம் கைக்கு வரும். எங்கே கரைந்தது கடன்?

பணவீக்கம் கடனைக் கரைக்கும் என்பது, அமெரிக்காவில் 30 ஆண்டுக்கும் ஒரே வட்டி என்று எழுதி வாங்கியவனுக்குப் பொருந்தும். இங்கே 2019 அக்டோபர் முதல் வங்கிகள் தரும் புதிய வீட்டுக் கடன்களில் மாறும் வட்டி என்றால் அது ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடு கட்டப்பட்டது. மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது மாற்றியாக வேண்டும். விலைவாசி ஏறினால் ரிசர்வ் வங்கி வட்டியை ஏற்றும். அது நேராக உங்கள் தவணையில் வந்து விழும். கடனைக் கரைக்கும் என்று நீங்கள் நம்புகிற அதே பணவீக்கம்தான் கடனை வளர்க்கிறது. அந்த 2020 கடன்காரரைக் கேளுங்கள், சொல்வார்.

வாடகை வருமே என்பார்கள். 60 லட்சம் ஃபிளாட்டுக்கு மாதம் 15,000 வாடகை என்றால் ஆண்டுக்கு 3 சதவீதம். வட்டியோ அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல். இடையில் உள்ள பள்ளத்தைச் சம்பளம்தான் நிரப்புகிறது. அந்த 38,800 ரூபாய்க்காரருக்கு 15,000 வாடகை எந்த மூலைக்கு? இது போக முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம் என்று வாசலிலேயே ஒரு பங்கை அரசு வாங்கிக்கொள்கிறது.

வட்டி குறைந்தால் நிலம் ஏறியே தீரும் என்பதும் பொய். 1990 ஆகஸ்டில் ஜப்பானின் மத்திய வங்கி வட்டியை 6 சதவீதத்துக்கு ஏற்றியது. அடுத்து நில விலை சரிந்தது. 1999இல் வட்டி பூஜ்யத்துக்கு வந்தும் டோக்கியோவில் சரிவு நிற்கவில்லை.



வட்டி மாறும்போது தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா என்று கடன்காரரைக் கேட்க வேண்டும் என 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. கடன் வாங்கிய பிறகு கேட்டு என்ன பயன்? ஃபிளாட் விளம்பரத்தில் இன்றைய தவணையைப் போடுகிற இடத்திலேயே, வட்டி இரண்டரை சதவீதம் ஏறினால் எவ்வளவு கட்ட வேண்டும் என்பதையும் அதே அளவு எழுத்தில் போடச் சட்டம் வேண்டும்.