புதியவருக்கு எந்த லினக்ஸ்?

சென்ற மாதம் பிளஸ் டூ மாணவி ஒருத்தி, ஆட்டையாம்பட்டியில் உள்ள என் வீட்டிற்குப் பழைய மடிக்கணினி ஒன்றைக் கொண்டுவந்தாள். அவளுடைய அக்காளுக்கு அரசு வழங்கியது அது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளுடன் முடிந்துவிட்டதால், லினக்ஸுக்கு மாற விரும்பி, விவரம் தெரிந்த ஒருவரிடம் யோசனை கேட்டிருக்கிறாள். அவர் ‘ஆர்ச்’ லினக்ஸைச் சொல்லிவிட்டார். கட்டளைகளைத் தட்டச்சு செய்து, ஒவ்வொரு பகுதியையும் நாமே சேர்த்து அமைத்துக்கொள்ள வேண்டியது அது. இரண்டு இரவுகள் போராடியபின், “எனக்குக் கம்ப்யூட்டர் வராதுங்க சார்” என்றாள்.

பிழை அவளிடம் இல்லை. ஆர்ச்சும் நல்ல அமைப்பே. யோசனை சொன்னவர் தமக்குப் பிடித்ததைச் சொன்னாரே தவிர, கேட்டவளின் தேவையை விசாரிக்கவில்லை. எங்கள் ஊர் கைமுறுக்குக்குப் பெயர்பெற்றது. முறுக்குச் சுற்றக் கற்க வருபவரை இங்கே யாரும் முதலில் அடுப்புக் கட்டச் சொல்வதில்லை!

1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட லினக்ஸ், இயங்குதளத்தின் உட்கரு மட்டுமே. அதனுடன் பிற மென்பொருள்களைச் சேர்த்து டெபியன், உபுண்டு, மின்ட் எனப் பல வழங்கல்களை உருவாக்கியிருக்கிறார்கள். உட்கரு ஒன்றே ஆயினும், கையாளும் எளிமையில் அவை மிகவும் வேறுபடுகின்றன.

எளிமை மட்டும் போதுமா? 2011இல் தொடங்கிய தமிழக அரசுத் திட்டத்தின் மடிக்கணினிகளில், சி-டாக் உருவாக்கிய ‘பாஸ்’ லினக்ஸும் விண்டோஸுடன் வந்தது. அக்காள் அதை ஒருமுறையும் திறந்ததில்லையாம். சொல்லித்தர அருகில் ஆளில்லை. கேரளத்திலோ, 2001இல் தொடங்கிய ‘ஐ.டி. அட் ஸ்கூல்’ திட்டம் பின்னர் லினக்ஸைப் பள்ளிகளுக்குக் கொண்டு சென்றபோது ஆசிரியர்களுக்கும் பயிற்சி அளித்தது. ஆகவே, சந்தேகம் கேட்க ஆள் இருந்தது.

இயற்பியலில் அளந்த பின்னரே முடிவு சொல்கிறோம். இங்கும் அப்படியே செய்தோம். நினைவகம் 4 ஜிபி. தேவை பாடம் படிப்பதும் தமிழில் எழுதுவதும். எனவே, குறைந்த சுமையுள்ள எக்ஸ்எஃப்சிஇ திரையமைப்புடன் கூடிய லினக்ஸ் மின்ட்டைப் பென் டிரைவிலிருந்து இயக்கினோம். நிலைவட்டைத் தொடாமலே வைஃபை, ஒலி, தமிழ்த் தட்டச்சு மூன்றையும் சோதித்தோம். கோப்புகளுக்குப் படியெடுத்த பிறகே நிறுவினோம். ஒரே மாலையில் வேலை முடிந்தது.

உங்களிடமும் நாளை ஒரு நண்பர் யோசனை கேட்கக்கூடும். என்ன கணினி, எதற்காக, சிக்கல் வந்தால் உதவ யார் இருக்கிறார் என்ற மூன்றையும் முதலில் கேளுங்கள். பெயரைப் பிறகு சொல்லலாம்.