கடல் கடந்து மறைக்கப்படும் குழந்தைகள்

பெற்றோரில் ஒருவரே குழந்தையைத் தூக்கிச் சென்று மறைத்துவிட்டால், 'குடும்பத் தகராறு' என்று காவல்துறை கைகழுவுவது வாடிக்கையாகிவிட்டது. இயற்கைப் பாதுகாவலரான தந்தை மீது ஆள்கடத்தல் பிரிவு பெரும்பாலும் பாய்வதில்லை. 1956ஆம் ஆண்டின் இந்து இளவர் பாதுகாவலர் சட்டமோ தாயைத் தந்தைக்குப் பின்னால்தான் நிறுத்தியது. 1999இல் கீதா ஹரிஹரன் வழக்கில் உச்சநீதிமன்றம் புது விளக்கம் அளித்த பின்னரும் சட்டத்தின் வாசகம் திருத்தப்படவில்லை.

அந்தமானில் இக்கொடுமை இரட்டிப்பாகிறது. திக்லிபூரில் கூலி வேலை செய்யும் ஒரு தாய், போர்ட் பிளேரில் உள்ள கொல்கத்தா உயர்நீதிமன்றத்தின் சுற்று அமர்வை அடையவே ஒரு நாள் பயணிக்க வேண்டும். குழந்தை சென்னைக்குக் கப்பலேற்றப்பட்டிருந்தால், தேடிச் செல்ல மேலும் மூன்று நாட்கள், கூலியும் போகும். வழக்கு இழுபட, குழந்தை தாய்முகம் மறக்கும். பிறகு, 'புதிய சூழலில் பழகிவிட்டது' என்பதே கடத்தியவரின் வாதமாகிறது. தாமதம் குற்றத்துக்குப் பரிசாகிறது.

வழக்குகளை முடிக்கக் காலவரம்பு வேண்டும். தீவு மக்களுக்கு இலவச சட்ட உதவியோடு பயணச் செலவும் வழங்கப்பட வேண்டும். அதேவேளை, வன்முறைக்கு அஞ்சிக் குழந்தையோடு வெளியேறும் பெண்ணைக் கடத்தல்காரியாக்கக் கூடாது. குழந்தை எவருடைய சொத்துமல்ல. உரிமைகள் உள்ள குடிமகவு. ஒன்றிய அரசு இனியும் மெத்தனம் காட்டலாகாது.