கண்டெடுத்தவருக்கே சொந்தமா?

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது என்பது பழமொழி. நம் சென்னையிலோ மண்ணை வெட்டினால் காசு புறப்படுவதும் உண்டு. தியாகராய நகரை ஒட்டிய மாம்பலத்தில் முன்பு ஒரு பானை கிடைத்தது. அதனுள் முத்திரை குத்திய வெள்ளிக் காசுகள் ஏராளமாக இருந்தன. அவற்றோடு ரோமப் பேரரசர் அகஸ்டஸின் காசும் இருந்தது. தனித்தனியே கிடைத்திருந்தால் அவை வெறும் பழங்காசுகள். ஒரே பானையில் கிடைத்ததால்தான், அயல்நாட்டுக் காசையும் நம் நாட்டுக் காசையும் ஒருவர் சேர்த்தே சேமித்திருக்கிறார் என்பது தெரிந்தது.

இக்காலத்தில் மண்ணை வெட்டாமலேயே உள்ளிருக்கும் உலோகத்தை அறிய மெட்டல் டிடெக்டர் என்னும் கருவி இருக்கிறது. கம்பிச் சுருளில் மின்சாரம் பாய்ந்து காந்தப்புலம் உண்டாகிறது. மண்ணில் கிடக்கும் உலோகம் அதனால் தூண்டப்படுகிறது. உடனே கருவி ஒலிக்கிறது. நாம் இயற்பியலில் படிக்கும் மின்காந்தத் தூண்டலே இதற்கு அடிப்படை. தொலைபேசியைக் கண்ட கிரகாம் பெல், 1881-இல் சுடப்பட்ட அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கார்ஃபீல்டின் உடலில் குண்டைத் தேட இத்தகைய கருவியைப் பயன்படுத்தினார். குண்டு அகப்படவில்லை. இன்றோ பணம் உள்ள எவரும் இதை வாங்கலாம். பழைய கோட்டை, பழைய துறைமுகம் என்று தேடிப் போய்க் கிளறுவதைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். "கண்டெடுத்தவருக்கே சொந்தம்" என்பது அவர்களில் பலருடைய வாதம். அது சரியல்ல என்பதே மாணவிகளாகிய எங்கள் கருத்து.

நம் அருகிலேயே பாருங்கள். சாந்தோமில் போர்த்துக்கீசியர் 16-ஆம் நூற்றாண்டில் குடியேறினர். 1672-இல் பிரெஞ்சுக்காரர் அதைப் பிடித்தனர், 1674-இல் இழந்தனர். பின்னர் கோட்டை மதில்களும் இடிக்கப்பட்டன. 1746 அக்டோபரில் அடையாற்றங்கரையில், குவிபிள் ஐலண்டுப் பக்கத்தில், பெரும் போர் ஒன்று நடந்தது. ஆற்காடு நவாப் அன்வருதீன் கானின் மகன் மாபூஸ்கான் ஏறத்தாழப் பத்தாயிரம் வீரருடன் நின்றார். பாரடிஸ் என்னும் தளபதி, பிரெஞ்சுக்காரரும் இந்தியச் சிப்பாய்களுமாகச் சுமார் ஆயிரம் பேருடன் ஆற்றைக் கடந்து வந்து அப்படையைச் சிதறடித்தார். ஐரோப்பிய முறையில் பயின்ற சிறு படை பெரும் படையை வெல்லும் என்பதை அந்நாள் உலகுக்குக் காட்டியது. நம் நாடு அடிமைப்பட்ட வரலாற்றில் அது ஒரு திருப்பம். அவ்விடத்தில் இன்று வீடுகளும் சாலைகளும் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டமும் இருக்கின்றன.

அந்தப் பக்கத்து மண்ணில் ஓர் ஈயக் குண்டு கிடைப்பதாக வைத்துக்கொள்வோம். பழைய இரும்புக் கடையில் அதற்கு என்ன விலை தருவார்கள்? ஆனால் அது எந்த இடத்தில், எவ்வளவு ஆழத்தில் கிடந்தது என்று குறித்து வைத்தால், யார் எங்கே நின்று சுட்டார்கள் என்பதற்கு அதுவே சாட்சி.

இது எங்கள் கற்பனை அன்று. அமெரிக்காவின் மொன்டானாவில் லிட்டில் பிக்ஹார்ன் என்னுமிடத்தில் 1876-இல் பூர்வகுடி மக்கள் கஸ்டர் என்னும் தளபதியின் படைப்பிரிவை வீழ்த்தினர். 1983-இல் தீப்பற்றி அங்கிருந்த புற்கள் எரிந்துபோயின. மறு ஆண்டே தொல்பொருள் ஆய்வாளர்கள் மெட்டல் டிடெக்டர்களுடன் அங்கே நடந்தார்கள். ஒலி கேட்ட இடந்தோறும் கொடி நட்டார்கள். இடத்தை அளந்து எழுதிய பிறகே பொருளை எடுத்தார்கள். தோட்டா உறைகளில் பதிந்திருந்த தடத்தைக் கொண்டு, ஒரே துப்பாக்கி எங்கிருந்து எங்கே நகர்ந்தது என்பதைக்கூடக் கண்டுபிடித்தார்கள். ஆகவே குற்றம் கருவியிடம் இல்லை. குறிப்பு எழுதாத கையிடம்தான் இருக்கிறது.

நம் நாட்டுச் சட்டமும் இதைத்தான் கேட்கிறது. 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, 10 ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள எதுவும் மண்ணில் கிடைத்தால் கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். என்ன கிடைத்தது என்பதோடு, எங்கே, எந்நாளில் கிடைத்தது என்றும் எழுத வேண்டும். மறைப்பவருக்கு ஓராண்டு வரை சிறை உண்டு.

"வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டுகிறோம். காசு கிடைத்ததென்று வாய் திறந்தால் வேலை நின்றுவிடாதா? கோர்ட்டு, கச்சேரி என்று அலைய வேண்டாமா?" என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். அந்த அச்சம் நியாயமானதே. கடன் வாங்கிக் கட்டுகிறவருக்கு ஒவ்வொரு நாளும் காசுதான். ஆனால் சட்டம் கண்டெடுத்தவரை வெறுங்கையோடு அனுப்பவில்லை. புதையலை வைத்தவர் யாரென்று தெரியாவிடில், வேறு உடன்பாடு இல்லாதபோது, கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கும் நிலத்துக்கு உரியவருக்குக் கால் பங்கும் சேரும். அரசு தனக்கென எடுத்துக்கொண்டால், பொருளின் மதிப்போடு அதில் ஐந்தில் ஒரு பங்கும் சேர்த்துத் தரவேண்டும். இதை எத்தனை மேஸ்திரிகள், எத்தனை வீட்டுக்காரர்கள் அறிவார்கள்? இதை ஊரறியச் சொல்வதும், தகவல் வந்தால் தாமதமின்றி ஆள் அனுப்பிப் பார்ப்பதும் அரசின் கடமை. அச்சம் நீங்கினால் உண்மை வெளிவரும்.

நிலத்தில் மறைந்திருந்த புதையலைக் கண்டவன் தனக்கு உள்ளதையெல்லாம் விற்று அந்த நிலத்தையே வாங்கினான் என்று ஞானோபதேச வகுப்பில் கேட்டிருக்கிறோம். விண்ணரசைப் பற்றிய உவமை அது. ஆயினும் புதையலை மட்டும் மடியில் கட்டிக்கொண்டு அவன் ஓடவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

அன்புத் தோழியரே! மயிலாப்பூரிலும் மந்தைவெளியிலும் அடையாற்றிலும் பழைய வீடுகள் இடிக்கப்பட்டு அடுக்குமாடிகள் எழுகின்றன. மெட்ரோ ரயிலுக்காகவும் இப்பகுதியில் மண் ஆழமாகத் தோண்டப்பட்டது. ஒரு முறை புரட்டிய மண்ணை மறுபடி அடுக்க எவராலும் இயலாது. உங்கள் வீட்டிலோ தெருவிலோ பழம்பொருள் தென்பட்டால் பிடுங்காதீர்கள், துலக்காதீர்கள். இருந்த இடத்திலேயே படம் எடுங்கள். ஆழத்தை அடிக்குச்சியால் அளந்து, தேதியோடு ஒரு தாளில் எழுதுங்கள். பெற்றோர் மூலம் கலெக்டர் அலுவலகத்துக்குத் தெரிவியுங்கள்.

எழும்பூர் அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் பழங்காசுகளைப் பார்க்கும்போது, இது எங்கே கிடைத்தது என்றுதான் முதலில் கேட்கத் தோன்றுகிறது. நமக்குப் பின் வரும் மாணவிகளும் அதையே கேட்பார்கள். அவர்களுக்குச் சொல்ல நம்மிடம் விடை இருக்க வேண்டும்.