பிறநாட்டார் இல்லத்தில் முதல் நாட்கள்

மேற்படிப்பின்பொருட்டுக் கடல் கடந்து செல்லும் எம் மாணவரை வழியனுப்பும் வகையை நாம் பலமுறை கண்டிருக்கின்றோம். கோயிலில் அருச்சனை; உற்றார் வீடுகளில் விருந்து; பெட்டியிலே பருத்தித்துறை வடையும் எள்ளுருண்டையும் மிளகாய்த்தூளும்; தந்தையார் கையிலே சான்றிதழ்க் கட்டு. இத்தனையும் வேண்டியனவே. ஆயின், அங்கே ஒரு குடும்பத்தோடு தங்கப்போகும் பிள்ளை, அவ்வீட்டு மேசையிலே முதல்நாளிரவு எவ்வாறு வாய்திறத்தல் வேண்டுமென்று எவருஞ் சொல்லிக்கொடுத்ததை நாம் கண்டதில்லை. நாமுஞ் சொல்லிக்கொடுத்ததில்லை.

எம்மிடந் தமிழ் பயின்று சில ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்து சென்ற மாணவனொருவனின் கடிதமே இதனை எழுதத் தூண்டியது. அவன் தங்கிய வீட்டு அம்மையார் முதலிரவில் உணவுப் பாத்திரத்தை நீட்டி, இன்னுஞ் சிறிது வேண்டுமா என்று வினவினாராம். இவன் நம்மூர் வழக்கப்படி வேண்டாமென்றான். அவர் பாத்திரத்தை எடுத்துச் சென்றுவிட்டார். அன்றிரவு பசியினால் இவனுக்கு உறக்கமில்லை. மறுநாளும் அவ்வாறே. மூன்றாம் நாள், அவர் அன்பில்லாதவரென்று தன் தாயாருக்குத் தொலைபேசியிற் கூறிவிட்டான்.

நம் வீடுகளிலே விருந்தினன் மறுப்பதும் வீட்டார் வற்புறுத்துவதும் மரபு. இருமுறை மும்முறை மறுத்த பின்னரே அடுத்த தோசை இலையில் விழும். முதல் வார்த்தையிலேயே உடன்படுபவனை உணவுக்கு அலைபவன் என்று பின்னர்ப் பேசுவர். அந்நாட்டிலோ, வேண்டாமென்றவனின் சொல்லை அப்படியே ஏற்றலே மரியாதை. இருவரும் தத்தம் நாட்டு நன்னடையிற் சிறிதும் வழுவவில்லை. இடையிலே பிள்ளை பட்டினி கிடந்தான்.

இப்பட்டினி புதியதன்று. 1927 நவம்பரிலே யாழ்ப்பாணத்துக்கு வந்த காந்தியடிகளை எம் முன்னோர் உலகறிந்த தலைவராகக் கண்டனர். நாம் இங்கே நினைப்பது அவரையன்று. 1888 செப்டெம்பர் 4ஆந் திகதி, 19 வயது நிறையுமுன்னரே பம்பாயிற் கப்பலேறிய மோகனதாசனை. கப்பலிலேயே அவர் நாணம் தொடங்கிவிட்டது. கத்தியும் முள்ளும் பிடிக்கத் தெரியாது. எவ்வுணவு புலால் கலவாததென்று கேட்கவுந் துணிவில்லை. வீட்டிலிருந்து கொண்டுவந்த இனிப்பையும் பழத்தையும் தம் அறைக்குள்ளிருந்தே உண்டார்.

இலண்டனில் அவரை முதலிற் சந்தித்தவர் டாக்டர் பிராண்ஜீவன் மேத்தா. அவருடைய பட்டுத் தொப்பியை எடுத்து இளைஞர் மாறாகத் தடவ, அதன் மயிர் கலைந்தது. பிறர் பொருளைத் தொடாதே, முதற் சந்திப்பிலேயே சொந்தச் செய்திகளைக் கேளாதே, உரத்துப் பேசாதே என்று மேத்தா அவ்விடத்திலேயே சொல்லிக்கொடுத்தார். ஆங்கிலேயர் வாழ்வை அறிதற்கு ஒரு குடும்பத்தோடு வாழ்தல் வேண்டும் என்றும் அவரே கூறினார். அதற்கு முன்னர் ஒரு நண்பரிடஞ் சில நாள் பயிலட்டும் என்று கருதி, ரிச்மண்டிலிருந்த அந்நண்பரிடம் ஏறக்குறைய ஒரு மாதம் விட்டுவைத்தார். ஒரு வீட்டில் வாழ்தற்கு ஒரு மாதப் பயிற்சி! இன்று நாம் கொடுப்பது விமான நிலைய வாயிலிற் சொல்லும் இரண்டு வார்த்தை.

பின்னர் மேற்குக் கென்சிங்டனில் விதவையொருவர் இல்லத்திலே இடங் கிடைத்தது. புலாலுண்ணாமை பற்றித் தாயாருக்குக் கொடுத்த வாக்கை அவ்வம்மையாரிடம் அவர் மறையாது கூறினார். அம்மையாரும் உணவு பிடித்திருக்கின்றதா என்று நாடோறும் வினவினார். அவருடைய புதல்வியர் இருவரும் ஒன்றிரண்டு துண்டு பாணை மேலதிகமாகவும் வைத்தனர். முழுப்பாண் ஒன்று இருந்தாலன்றி அவர் பசி தீராதென்பதை அவர்கள் எங்ஙனம் அறிவர்? அவரோ கேட்கவில்லை. நகரிலே சைவ உணவுச்சாலைகள் உண்டென்று அம்மையார் சொல்லியிருந்தமையால், அவற்றைத் தேடி நாளொன்றுக்கு 10, 12 மைல் நடந்தார்; வழியிலே மலிவான கடைகளிற் புகுந்து பாணை நிறையத் தின்றார். பரிங்டன் வீதியிலே அத்தகைய உணவுச்சாலையொன்றைக் கண்ட நாளிலேதான் இங்கிலாந்திலே முதன்முறையாக மனநிறைவோடு உண்டார். இவையெல்லாம் 'சத்திய சோதனை'யில் அவரே கூறுவன.

அவர் வாக்குத் தவறாமையை நாம் வகுப்பறையிற் புகழ்கின்றோம், புகழத்தக்கதே. ஆயினும் வாக்கைச் சொல்லத் துணிந்த வாய், மற்றொரு துண்டு பாண் கேட்க ஏன் துணியவில்லை? வாக்கு தாயாருடையது, அதைச் சொல்லுதற்கு நாணவேண்டியதில்லை. பசி தன்னுடையது. தனக்கென்று கேட்டல் இழிவென்று நாம் சிறுவயதிலிருந்தே ஊட்டிவிடுகின்றோம். இரத்தல் வேறு, கேட்டல் வேறு என்று பிரித்துக் காட்டுவதில்லை. இத்தனைக்கும் அவர் பணங் கொடுத்துத் தங்கியவர். ஊதியமின்றி ஏற்றுக்கொள்ளும் குடும்பத்தில் வாழும் பிள்ளையின் கூச்சம் இன்னும் பன்மடங்கு பெரிதாயிருக்குமன்றோ?

கூச்சத்தைப் பண்பென்று கொள்வதில் ஆசிரியராகிய எமக்கும் பங்குண்டு. விண்ணப்பக் கடிதமும் நன்றிக் கடிதமும் எழுதக் கற்பித்தோம். வகுப்பிலே ஒரு வினாவுங் கேளாதிருந்தவனை நற்பண்புள்ள மாணவனென்று தேர்ச்சி அறிக்கையிலே நாமே எழுதினோம். அவ்வறிக்கையோடு சென்றவன், எவருக்குந் தொல்லை கொடாதிருத்தலே நன்றென்று எண்ணி அறைக்கதவைச் சாத்திக்கொண்டு உள்ளிருக்கின்றான். இப்பிள்ளைக்கு எம்மைப் பிடிக்கவில்லை போலும் என்று வெளியே அக்குடும்பத்தார் கவலுகின்றனர்.

காந்தியடிகள் வீட்டை நினைத்து இரவிலே கண்ணீர் வடித்த காலத்தில் தாயாரின் குரலைக் கேட்க வழியில்லை. இன்றைய மாணவன் தாயின் முகத்தை நினைத்த நேரத்திற் கைத்தொலைபேசியிலே காண்கின்றான். நல்லதே. ஆயினும் இதிலும் ஓர் இடர் உண்டு. பசிக்கின்றது என்பதை ஐயாயிரம் மைலுக்கு அப்பாலுள்ள தாய்க்குச் சொல்லி அவரை அழவைப்பவன், அடுத்த அறையில் இருப்பவருக்குச் சொல்வதில்லை. தாய்மார் அந்நேரம் தாமும் அழாது, 'எழுந்துபோய் அந்த அம்மாவிடங் கேள், மோனை' என்று சொல்வாராயின் பாதித் துன்பம் அன்றே தீரும்.

பெற்றோர் சிலர் இதனை ஒப்பார். பிள்ளை அங்கே வாய்காட்டப் பழகினால் ஊர்ப்பண்பு கெடுமென்பர். மாட்டிறைச்சி உண்ணேன் என்று பணிவோடு சொல்வதும், இன்னுஞ் சிறிது சோறு தாருங்கள் என்று கேட்பதும் வாய்காட்டுதலாகா. உண்மையிலே ஊர்ப்பண்பு கெடுவது பிறிதோரிடத்திலே. மறுக்கத் தெரியாது உண்டுவிட்டு, அதனை மறைத்து வீட்டுக்குக் கடிதம் எழுதும்போதே அது கெடுகின்றது.

வெளிநாடுகளில் வாழும் பழைய மாணவர் இம்மலர்களுக்குக் கட்டுரை அனுப்பும்போது பட்டங்களையும் பதவிகளையுமே எழுதுகின்றனர். இனி, முதல் வாரத்தில் எதனை உண்டீர்கள், எதனைக் கேட்க நாணினீர்கள், யாரிடம் முதலில் வாய்திறந்தீர்கள் என்பதையும் எழுதியனுப்புங்கள். அக்கடிதங்களை விடுதி மாணவர்க்கு நாமே படித்துக்காட்டுவோம். தீவுப்பகுதியிலிருந்து இவ்வாண்டு வந்து சேர்ந்த சிறுவர் சிலர், சோறு போதாமலுங் கேட்காமல் எழுந்துபோவதை இன்றும் உணவுமண்டபத்திற் காண்கின்றோம்.