வீடு மகளின் பெயரில், வரைபடம் யாருடைய கையில்?

எங்கள் ராத்தாவின் வீட்டுக்கு அத்திவாரம் வெட்டியபோது நான் ஒன்பதாம் தரத்தில் படித்துக்கொண்டிருந்தேன். மேசன் பாஸ் வளவை அளந்து, மூலைக்கு மூலை கட்டை அறைந்து நூல் கட்டினார். வாப்பா, மாமா, பக்கத்து வீட்டுக் காக்கா எல்லாரும் நூலைச் சுற்றி நின்றார்கள். "ஹோல் இஞ்சால, றூம் ரெண்டும் அங்கால, குசினி பின்னுக்கு." அரை மணித்தியாலத்தில் ஒரு வீட்டின் தலைவிதி முடிந்தது. காணி உறுதியில் இருப்பது ராத்தாவின் பெயர். அவள் அந்த நேரம் உள்ளே நின்று எல்லாருக்கும் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

இன்று அந்த வீட்டுக் குசினியில் பகலிலும் மின்குமிழ் எரிகிறது. ஒரேயொரு ஜன்னல், அதுவும் சாச்சியின் மதிலைப் பார்த்தபடி. "நீ அப்பவே சொல்லியிருக்கலாமே" என்று ஒருநாள் கேட்டேன். "எங்கிட்ட ஆரும் கேக்கல்லயே" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. மழை பெய்தது என்பதைப் போலச் சொன்னாள்.

கண்டியில் இருக்கும் என் தோழியிடம் எங்கள் ஊர் வழக்கத்தைச் சொன்னால் அவளுக்கு வியப்பு. அவள் வீட்டில் பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போகிறாள். சாய்ந்தமருதிலும் நமது கரையோர ஊர்களிலும் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். மகள் பிறந்தாலே வாப்பாமாருக்கு வீட்டுக் கவலை பிறந்துவிடும். கட்டாருக்கும் சவூதிக்கும் போய் உழைப்பதில் பாதி இந்தச் சுவர்களுக்குத்தான் போகிறது. இந்த வழக்கத்தின் சுமையைப் பற்றி வேறொரு கட்டுரை எழுதலாம், எழுதவும் வேண்டும். இங்கே நான் கேட்பது ஒரு சிறிய கேள்வி. பெண்ணுக்காக, பெண்ணின் பெயரில், ஊர் முழுக்க வீடு கட்டும் ஒரு சமூகத்தில் அந்த வீட்டைத் திட்டமிடுபவர்களில் ஒரு பெண்கூட இல்லாதது எப்படி?

இது ஒரு குசினி ஜன்னலோடு முடிகிற விசயமல்ல. கிழக்கே கடல், மேற்கே வயல், நடுவிலே நாம். ஊர் விரிவதற்கு இடமில்லை. எங்கள் மூத்தம்மாவின் வளவில் ஒரு காலம் பத்துத் தென்னையும் ஒரு கிணறும் இருந்தனவாம். அதை மூன்று பெண்மக்களுக்குப் பிரித்தார்கள். அந்த மூன்று துண்டும் இப்போது பேத்திகளுக்காகப் பிரிகின்றன. வேலி மதிலானது, மதில் வீட்டுச் சுவரானது. சில வளவுகளில் கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் இடையில் ஐந்தாறு எட்டுத்தான். கடற்கரை மணலில் தண்ணீர் எவ்வளவு இலேசாக ஊறும் என்பது நமக்குத் தெரியாதா? ஒழுங்கைகளோ, ஒரு ஓட்டோ வந்தால் எதிரே வருகிறவர் யாரோ ஒருவரின் கேற்றுக்குள் ஒதுங்க வேண்டிய அகலம். ஒவ்வொரு வாப்பாவும் தன் மகளுக்கு நல்லதைத்தான் செய்தார். எல்லாம் சேர்ந்து ஊராகும்போது காற்று வரும் வழி அடைபட்டுவிட்டது.

மினெட் டி சில்வாவைப் பற்றி வாசித்தபோது எனக்கு ராத்தாவின் குசினிதான் ஞாபகம் வந்தது. இலங்கையின் முதல் பெண் கட்டடக் கலைஞர் அவர். 1918இல் கண்டியில் பிறந்தார். அந்தக் காலத்தில் இலங்கையில் கட்டடக்கலை படிக்க வழியில்லாததால் பம்பாய் போனார். 1942இல் காந்தியடிகளின் கைதுக்கு எதிரான போராட்டத்தில் கலந்துகொண்டதால் அங்கே கல்லூரியிலிருந்து நீக்கப்பட்டார். பிறகு லண்டனில் படிப்பை முடித்து, 1948இல் பிரித்தானிய அரச கட்டடக் கலைஞர் நிறுவனத்தின் இணை உறுப்பினரானார். ஆசியப் பெண்களில் அதுவே முதல் தடவை. ஊருக்குத் திரும்பி அவர் கண்டியில் கட்டிய முதல் வீட்டில் உள்ளூர்க் கைவினைஞர்களின் வேலைப்பாட்டையும், தும்பறைப் பாய் நெசவையும் கொண்டுவந்தார். சீமெந்தும் கொங்கிரீட்டும் புதுமை என்று எல்லாரும் மயங்கியிருந்த நேரம் அது.

ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது அந்த வீடல்ல. 1950களின் பிற்பகுதியில் கண்டிக்கு அருகே வட்டபுலுவவில் அரச ஊழியர்களுக்காக அவர் திட்டமிட்ட வீடமைப்புத்தான். இருநூறுக்கு மேற்பட்ட வீடுகள், வெவ்வேறு இனத்தவர், வெவ்வேறு மதத்தவர், வெவ்வேறு சம்பளக்காரர்கள். ஒரே படத்தை இருநூறு தடவை கட்டியிருந்தால் வேலை இலகு. மினெட் அப்படிச் செய்யவில்லை. குடியேறப் போகிறவர்களுக்கு வினாக்கொத்து கொடுத்தார், அவர்களை அழைத்துப் பேசினார். வீட்டில் எத்தனை பேர், எப்படி வாழ்கிறீர்கள், எவ்வளவு செலவழிக்க முடியும் என்று விசாரித்து, அந்தப் பதில்களிலிருந்து சில வகை வீடுகளை உருவாக்கினார். சரிவை வெட்டிச் சமதரையாக்காமல், இருந்த மரங்களைப் பார்த்துப் பாதை அமைத்தார். மக்களிடம் கேட்டுத் திட்டமிடுவது என்று இப்போது கருத்தரங்குகளில் பெரிதாகப் பேசுகிறார்களே, அதை நம் நாட்டில் ஒரு பெண் அறுபது ஆண்டுகளுக்கு முன்பே செய்துவிட்டார்.

அவருடைய கதையைச் சீனி தடவித் தர எனக்கு விருப்பமில்லை. அவரது தந்தை ஜோர்ஜ் ஈ. டி சில்வா அமைச்சராக இருந்தவர். தாய் ஆக்னஸ், பெண்களின் வாக்குரிமைக்காகப் போராடியவர். அப்படிப்பட்ட வீடு நம்மில் யாருக்கு இருக்கிறது? அவ்வளவு இருந்தும், பின்னாளில் மினெட்டுக்கு வேலை குறைந்தது, பெயரும் மங்கியது. 1998இல் கண்டியில் அவர் காலமான பிறகுதான் அவருடைய வாழ்க்கை நூல் வெளிவந்தது. அதே காலத்தில் வாழ்ந்த ஜெப்ரி பாவாவின் பெயரைத் தெரிந்தவர்களில் எத்தனை பேருக்கு இவருடைய பெயர் தெரியும்? பெற்றோர்கள் "இந்தப் படிப்பு பொம்புளப் புள்ளைக்குச் சரிவருமா" என்று பயப்படுவதில் நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன்.

ஆனால் கேட்காமல் கட்டினால் என்ன ஆகும் என்பதை நம்மைவிட நன்றாகப் பார்த்தவர்கள் யார்? 2004 டிசம்பர் 26 நான் பிறப்பதற்கு முந்தியது. ஆனாலும் எங்கள் ஒழுங்கையில் அந்த நாளைச் சொல்லாத வீடு இல்லை. அதற்குப் பிறகு, கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது என்று முதலில் விதி வந்தது. கடலை நம்பி வாழ்ந்தவர்களுக்கு எங்கெங்கோ வீடுகள் கிடைத்தன. கொடுத்தவர்களுக்கு அல்லாஹ் நற்கூலி கொடுக்கட்டும். ஆனாலும் அப்படியொரு வீட்டில் குடியிருக்கும் என் பெரியம்மா, வாசலுக்கு நேரே அடுப்புத் தெரிகிறதென்று இன்றுவரை குசினிக்கு ஒரு பழைய சாரியைத் திரையாகக் கட்டியிருக்கிறார். இதே நாட்டில், ஹம்பாந்தோட்டைப் பக்கம் கிரிந்த என்ற முஸ்லிம் மீனவக் கிராமத்தில், ஜப்பானியக் கட்டடக் கலைஞர் ஷிகேரு பான் அந்த மக்களுடன் பேசித்தான் சுனாமி வீடுகளை வரைந்தார். குசினியும் குளியலறையும் ஒரு பக்கம், அறைகள் மறுபக்கம், நடுவே கூரை போட்ட திறந்த இடம். விருந்தாளி வந்தாலும் பெண்கள் தாராளமாக நடமாடலாம். அங்கே சாரித் திரைக்கு வேலையில்லை.

"கெட்டிக்காரர்கள்தான், ஆனால் நம்ம பெண்கள் இல்லையே" என்று ஒருவர் சொல்லலாம். அவருக்கு டாக்காவின் மரினா தபஸ்ஸுமைக் காட்டுவேன். தன் பாட்டி கொடுத்த காணியில், நெருக்கடியான ஒரு குடியிருப்பின் நடுவே, செங்கல்லால் பைத்துர் ரவூப் பள்ளிவாசலைக் கட்டியவர் அவர். குப்பா இல்லை, மினாரா இல்லை. கூரைத் துளைகளால் இறங்கும் வெளிச்சமும் சுவர்களால் நுழையும் காற்றும்தான் அதன் அலங்காரம். 2012இல் முடிந்த அந்தப் பள்ளிக்கு 2016இல் ஆகா கான் கட்டடக்கலை விருது கிடைத்தது. அதற்குப் பிறகு அவர் மாளிகை கட்டப் போகவில்லை. ஆற்றுத் திட்டுகளில் வெள்ளத்தோடு வாழும் ஏழைகளுக்காக, மூங்கிலால் கழற்றிப் பூட்டக்கூடிய 'குதி பாரி' என்ற சின்ன வீட்டை வடிவமைத்தார். தண்ணீர் ஏறினால் மேல்தட்டில் ஏறிக்கொள்ளலாம், கரை இடிந்தால் வீட்டைக் கழற்றிக்கொண்டு போகலாம்.

இதையெல்லாம் வாசித்த சூட்டில், மினெட்டைப் பார்த்து நானும் பத்துக் கேள்விகள் எழுதி எங்கள் ஒழுங்கையில் பதினொரு பெண்களிடம் கொண்டுபோனேன். கட்டுரைக்குப் பொருள் கிடைக்கும் என்ற ஆசையும் இருந்தது, மறைப்பானேன்? "கேட்டு என்ன செய்யப் போற?" என்றுதான் அநேகர் தொடங்கினார்கள். தொடங்கியபின் நிறுத்தவில்லை. ரோட்டால் போகிறவர்களுக்குத் தெரியாமல் உடுப்புக் காயப்போட ஓர் இடம் வேண்டும் என்றவர்கள் ஏழு பேர். தங்கச்சி வீட்டுக்கு ரோட்டில் இறங்காமல் போக மதிலில் ஒரு கதவு வேண்டும் என்றார் ஒரு தாய். அந்த மதிலையே அவர்தான் எழுப்பியவராம். தையல் மெசினை வைக்க வெளிச்சமான ஒரு மூலை கேட்டார் ஒருவர். எழுபது வயதைத் தாண்டிய மூத்தம்மா ஒருவர், "மையத்து எடுத்துப் போற நேரம் சந்தூக்கு திரும்பக்கூடிய மாதிரி ஒழுங்கை இருக்கணும்" என்றார். நகரத் திட்டமிடல் புத்தகம் எதிலும் நான் அப்படியொரு வசனத்தை வாசித்ததில்லை. பெரிய ஹோல் வேண்டும் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. நாம் கட்டும் எல்லா வீட்டிலும் பெரிதாக இருப்பது ஹோல்தான்.

"படம் கீறக் காசு குடுத்தா கல்லு வாங்கக் காசு மிஞ்சாது" என்பது வாப்பாவின் கட்சி. கையில் ஒரு தொகையோடு ஒரு மகளுக்குக் கட்டுகிறவருக்கு அது உண்மைதான். ஆனால் ஒரு வளவை மூன்று மகள்மாருக்குப் பிரிக்கும்போது மூன்று வீட்டையும் சேர்த்து ஒரு தடவை யோசிக்கலாம் அல்லவா? ஒரு கிணறு, ஒரு முற்றம், காற்றுக்கு ஒரு வழி, குழிகள் எல்லாம் ஒரே பக்கம். அப்படிச் செய்தால் கல்லும் மிஞ்சும், மதிலும் மிஞ்சும். இதை மேசன் பாஸிடம் எதிர்பார்ப்பது அநியாயம். அவர் நூல் கட்டுவதற்கு முன்பே செய்யவேண்டிய வேலை இது. இதற்கென்று படித்தவர்கள் ஊருக்கு வேண்டும். அவர்கள் குசினிக்குள்ளும் போய்க் கேட்கக்கூடியவர்களாக இருக்கவேண்டும்.

நான் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கப் போகிறேன். உயர்தரப் பெறுபேறு மட்டும் போதாது, உளச்சார்புப் பரீட்சையிலும் சித்தியடைய வேண்டும். உம்மாவுக்குப் படிப்பைப் பற்றிப் பயமில்லை, தூரத்தைப் பற்றித்தான். கல்முனையில் இரவு பஸ் ஏறினால் விடியத்தான் கொழும்பு. ஐந்து ஆண்டு விடுதி வாழ்க்கை. டொக்டருக்குப் படிக்க என்றால் எந்த ஊருக்கும் அனுப்புவார்களா என்று கேட்டேன். உம்மா சிரித்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. வாப்பா மட்டும், "ரிசல்ட் வரட்டும்" என்றார்.

ராத்தாவின் வீட்டுக்குப் பின்னால் என் பங்கு ஆறு பேர்ச் கிடக்கிறது. அதில் ஒரு முருங்கை மரமும், மிஞ்சிய சீமெந்துக் கற்களும், ஆட்டுக் கூடும் இருக்கின்றன. போன விடுமுறையில் அளவு நாடாவால் அதை அளந்து கணிதக் கொப்பியின் கடைசித் தாளில் கீறி வைத்திருக்கிறேன். ராத்தாவின் குசினிப் பக்கம் பத்து அடியை வெறுமையாக விட்டிருக்கிறேன். அவளுடைய சுவரில் இன்னொரு ஜன்னல் வெட்டலாம்.