ஆர்கன்காரரை இரண்டாவது முறையும் வெளியே அனுப்பாதீர்கள்

"நோஸ்ஃபெராட்டுதானே, யூட்யூப்லயே பாத்துட்டேன். அதுக்கு எதுக்கு சர்ச்ல போய் உக்காரணும்?"

சினிமா நிறையப் பார்க்கிற நண்பர் ஒருவர் இப்படிக் கேட்டார். நியூயார்க்கில் செயின்ட் ஜான் தி டிவைன், சான்ஃபிரான்சிஸ்கோவில் கிரேஸ் கதீட்ரல் போன்ற பெரிய தேவாலயங்கள் ஹாலோவீன் சமயத்தில் மௌனப்படம் போடுவது உண்டு. பீடத்துக்கு முன்னால் திரை கட்டுவார்கள். அந்த தேவாலயத்தின் பைப் ஆர்கனில் ஒருவர் உட்கார்ந்து, படம் ஓட ஓட வாசிப்பார். நண்பரின் தீர்ப்பு: "டூரிஸ்ட் வித்தை. படத்த விட்டுட்டு பில்டிங்க வேடிக்கை பாக்குற கூட்டம்."

கேட்டதும் கோபம்தான் வந்தது. காரணத்தைச் சொல்கிறேன்.

யூட்யூபில் நீங்கள் பார்த்தது எந்த நோஸ்ஃபெராட்டு? 1922இல் முர்னாவ் எடுத்த அந்தப் படம் தன் முழுத்தலைப்பிலேயே தன்னை ஒரு சிம்பொனி என்று சொல்லிக்கொள்கிறது. ஹான்ஸ் எர்ட்மன் அதற்கென்றே இசை எழுதினார். அதில் பெரும்பகுதி தொலைந்துபோயிற்று. இன்று கிடைக்கும் பிரதிகளில் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு இசை. எல்லாம் பிற்பாடு யாரோ சேர்த்தது. அசல் என்று நம்பி நீங்கள் பார்த்ததே ஒட்டுவேலை. இதில் வித்தை காட்டுவது யார்?

மௌனப்படத்தின் ஒலி ஃபிலிம் சுருளில் இருக்கவில்லை, அரங்கில் இருந்தது. சின்ன ஊரென்றால் ஒரு பியானோ, பெரிய அரங்கென்றால் இசைக்குழு அல்லது ஆர்கன். ஷோஸ்டகோவிச் இளவயதில் லெனின்கிராட் தியேட்டர்களில் பியானோ வாசித்துத்தான் சம்பாதித்தார். ஹார்லெமின் லிங்கன் தியேட்டரில் ஃபேட்ஸ் வாலர் ஆர்கன் வாசித்தபோது அவருக்குப் பதின்ம வயது. அப்பாவின் சர்ச்சில் பழகிய கை அது. நம்மூர்க் கொட்டகைகளிலும் திரைக்குப் பக்கத்தில் நின்று கதை சொல்ல ஒரு ஆள் இருந்தார். எழுத்து அட்டை வாசிக்கத் தெரியாதவர்களுக்கு அவர் குரல்தான் படம். ஜப்பானில் அந்த ஆளுக்குப் பெயர் பென்ஷி.

1927இல் 'தி ஜாஸ் சிங்கர்' வந்தது. சில வருடங்களுக்குள் அமெரிக்கத் தியேட்டர்களிலிருந்து ஆயிரக்கணக்கான இசைக்கலைஞர்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களுடைய சங்கம் பத்திரிகைகளில் விளம்பரம் போட்டுப் பார்த்தது. அந்தப் படங்களில் ஒரு ரோபோ வாத்தியம் வாசிக்கும். டப்பாவில் அடைத்த இசையை ஏற்காதீர்கள் என்பது சாரம். ஜனங்கள் ஏற்றுக்கொண்டார்கள். ஜப்பானிலும் இதே கதைதான். அகிரா குரோசவாவின் அண்ணன் ஹெய்கோ ஒரு பென்ஷி. பென்ஷிகளின் வேலைநிறுத்தத்தில் முன்னால் நின்றவர். 1933இல் தற்கொலை செய்துகொண்டார். ஒரு சாவை ஒரே காரணத்துக்குள் அடக்கிவிட முடியாதுதான். ஆனால் "அப்புறம் பேசும்படம் வந்தது" என்று நாம் ஒரே வரியில் தாண்டிப்போகிற இடத்தில் இப்படிப்பட்ட மனிதர்கள் கிடக்கிறார்கள்.

தியேட்டர்கள் பலவும் ஆர்கனைக் கழற்றி விற்றன. சர்ச் வைத்துக்கொண்டது, அங்கே ஞாயிறுதோறும் அதற்கு வேலை இருந்தது. சினிமா துரத்திவிட்ட ஒரு பழக்கம் இன்று சர்ச்சில் ஒதுங்கியிருக்கிறது என்றால் அதற்குக் காரணம் இவ்வளவுதான். அங்கே போய் "கிம்மிக்" என்று சிரிப்பது, வீட்டை இடித்துவிட்டு, திண்ணையில் படுத்திருப்பவனைக் கேலி செய்வது மாதிரி.

விஷயம் தெரிந்தவர்கள் வேறொன்று சொல்வார்கள்: சர்ச் ஆர்கன் வேறு, தியேட்டர் ஆர்கன் வேறு. உண்மை. வுர்லிட்சர் மாதிரியான தியேட்டர் ஆர்கனில் டிரம், மணி, குதிரைக் குளம்புச் சத்தம் எல்லாம் வரும். சர்ச் ஆர்கன் வழிபாட்டுக்குக் கட்டியது. கல் மண்டபத்தில் ஒரு சுரம் சில நொடிகள் நின்றுதான் அடங்கும். பஸ்டர் கீட்டன் ஓடுகிற வேகத்துக்கு அது கஷ்டம்தான், ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் 1925இல் வந்த 'தி ஃபேண்டம் ஆஃப் தி ஆபரா'வை எடுத்துக்கொள்ளுங்கள். லான் சானி ஆர்கன் வாசித்துக்கொண்டிருக்கிறான், பின்னாலிருந்து அவள் முகமூடியை உருவுகிறாள். மிகப்பெரிய ஆர்கன்களில் 32 அடிக் குழாய் உண்டு. அதன் அடிச்சுரம் நொடிக்குச் சுமார் 16 அதிர்வு. நம் காதின் எல்லைக்குக் கீழே. அதைக் கேட்க முடியாது, பெஞ்சு வழியாக முதுகில் ஏறும். லேப்டாப் ஸ்பீக்கர் இதற்கு என்ன செய்யும்?

அதிர்வைக்கூட விடுங்கள். அங்கே ஒருவர் நம்மோடு படம் பார்க்கிறார். கூட்டம் சிரித்தால் காத்திருக்கிறார், மூச்சைப் பிடித்தால் கையை எடுத்துவிடுகிறார். பல ஆர்கனிஸ்டுகள் எழுதிவைத்த தாள்கூட இல்லாமல் வாசிப்பவர்கள். பதிவுசெய்த இசை யாருக்காகவும் காத்திருக்காது.

சர்ச்காரர்களிடமும் ஒரு சண்டை பாக்கி இருக்கிறது. ஏன் எப்போதும் பேய்? ட்ரேயரின் 'ஜோன் ஆஃப் ஆர்க்' 1928இல் வந்தது. திருச்சபை நீதிமன்றம் ஒரு பெண்ணை விசாரித்து நெருப்புக்கு அனுப்புகிற படம். பாரிஸ் பேராயர் அதில் வெட்டச் சொன்னார். அந்தப் படம் ஓடவேண்டிய இடம் சர்ச்தான். சில சர்ச்சுகள் போட்டும் இருக்கின்றன, அவர்களுக்கு வணக்கம். மற்றவர்கள் அக்டோபர் வந்தால் ரத்தக்காட்டேரி, டிக்கெட், முகமூடி என்று நிறுத்திக்கொண்டால், ஆர்கன் வெறும் பேய்ச்சத்தப் பெட்டியாகிவிடும். வாசிக்கிறவரை வெளியே அனுப்ப அதுவும் ஒரு வழி.

காட்சிக்குப் பொருத்தமான பின்னணி இசையை இப்போது மென்பொருளே போட்டுத் தருமாம். தரட்டும். நமக்கு அது போதும் என்று தோன்றினால், 1930இல் அந்த ரோபோ விளம்பரத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பியவர்களின் பேரப்பிள்ளைகள்தான் நாம்.

நண்பரே, ஒருமுறை போய் உட்காருங்கள். ஆர்கன் பெரும்பாலும் கூட்டத்துக்குப் பின்னால், மேல்மாடத்தில்தான் இருக்கும். படம் முடிந்து எல்லோரும் திரையைப் பார்த்துக் கைதட்டும்போது, நீங்கள் மட்டுமாவது திரும்பி மேலே பார்த்துக் கைதட்டுங்கள்.