எல்லோரும் வரவில்லை என்றால் எத்தனை பேர் வந்தார்கள்?

"கூட்டத்துக்கு எல்லோரும் வரவில்லை" என்று ஒருவர் சொல்கிறார். நீங்கள் என்ன புரிந்துகொள்வீர்கள்? ஒருவர்கூட வரவில்லை என்றா? அல்லது சிலர் வந்தார்கள், சிலர் வரவில்லை என்றா? வீட்டில் நாலு பேரிடம் கேட்டுப் பாருங்கள். பதில் இரண்டு விதமாகவும் வரும்.

தர்க்கம் படித்தவர்களுக்கு இது பழைய விஷயம். "எல்லாக் காக்கையும் கறுப்பு" என்பதை மறுக்க, கறுப்பாக இல்லாத ஒரே ஒரு காக்கை போதும். "எந்தக் காக்கையும் கறுப்பு இல்லை" என்பது வேறு பேச்சு. இந்த இரண்டு மறுப்பையும் கிரேக்கத்து அரிஸ்டாட்டிலே பிரித்துச் சொல்லிவிட்டார். 1879-ல் பிரெகே என்ற ஜெர்மானியர் இதற்குக் குறியீடே அமைத்தார். அதில் 'இல்லை' என்பது 'எல்லாம்' என்பதற்கு முன்னே நிற்கிறதா பின்னே நிற்கிறதா என்று கண்ணால் பார்த்தே பொருளைச் சொல்லிவிடலாம். நம் தமிழில் 'இல்லை' எப்போதும் வாக்கியத்தின் கடைசியில் போய் உட்கார்ந்துகொள்கிறது. அது எதை மறுக்கிறது என்று நாம்தான் ஊகிக்க வேண்டும்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அந்த மொழியிலும் இதே சங்கடம் உண்டு. "மின்னுவதெல்லாம் பொன்னல்ல" என்ற பழமொழியை அவர்களும் நம்மைப் போலவேதான் சொல்கிறார்கள். மின்னும் எதுவுமே பொன் இல்லை என்று யாரும் அதற்குப் பொருள் கொள்வதில்லை. ஏனென்றால் பொன்னும் மின்னும் என்பது நமக்குத் தெரியும். சொல் விட்ட இடத்தை அனுபவம் நிரப்பிவிடுகிறது.

நம் இலக்கணக்காரர்கள் இதைக் கவனிக்காமல் இல்லை. 'உம்' என்ற சிறு இடைச்சொல்லுக்குத் தொல்காப்பியம் எட்டுப் பொருள் சொல்கிறது. அவற்றில் ஒன்று முற்றும்மை. 'மூவர் வந்தனர்' என்பதற்கும் 'மூவரும் வந்தனர்' என்பதற்கும் உள்ள வித்தியாசம் அதுதான். மறுத்துச் சொல்லும்போது இந்த முற்றும்மையே எச்சமாகவும் ஆகலாம் என்கிறார்கள். "பத்தும் கொடுக்காதே" என்றால் ஒன்றுமே கொடுக்காதே என்றும் கொள்ளலாம், கொஞ்சம் வைத்துக்கொண்டு மீதியைக் கொடு என்றும் கொள்ளலாம்.

பேச்சில் இதனால் பெரிய நஷ்டம் இல்லை. சந்தேகம் வந்தால் திருப்பிக் கேட்டுக்கொள்ளலாம். அறிவிப்புப் பலகையிடம் யார் கேட்பது? ஒரு சமயம் ஓர் அலுவலகத்தில், "வாழ்நாள் சான்றுக்காக எல்லா ஓய்வூதியர்களும் நேரில் வரத் தேவையில்லை" என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். எழுதியவர் மனதில் இருந்தது, சிலர் வந்தாக வேண்டும் என்பது. எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற கடைநிலை ஊழியர் ஒருவர், யாருமே போக வேண்டாம் என்று படித்துவிட்டு வீட்டில் இருந்துவிட்டார். இரண்டு மாதம் பென்ஷன் நின்றுபோனது. மளிகைக் கடையில் கடன் சொல்லி வாங்கினார். விசாரிக்கப் போனபோது, "சரியாகப் படிக்கவில்லையா பெரியவரே?" என்று கேட்டார்களாம். அவர் சரியாகத்தான் படித்தார். அந்த வாக்கியத்துக்கு அந்தப் பொருளும் உண்டு.

முப்பது வருஷத்துக்கு மேல் கோப்பு எழுதியவன் என்ற முறையில் சொல்கிறேன். அரசு அறிவிப்பில் 'எல்லா'வையும் 'இல்லை'யையும் ஒரே வாக்கியத்தில் சேர்த்து எழுதக் கூடாது. பிரெஞ்சுக்காரர்கள் தெளிவு வேண்டும்போது மறுப்பை முன்னால் கொண்டுவந்து 'பா தூஸ்' என்பார்கள், அதாவது 'எல்லோரும் அல்ல'. நமக்கும் வழி இருக்கிறது. யாரும் வர வேண்டாம் என்றால் "ஒருவரும் வரத் தேவையில்லை" என்று எழுதலாம். சிலர் வர வேண்டும் என்றால் "இன்னின்னார் கட்டாயம் வர வேண்டும், மற்றவர்கள் வர வேண்டாம்" என்று எழுதலாம். ஒரு வரி கூடும், அவ்வளவுதான்.

நம் வயதுக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. அடுத்த முறை இப்படி ஓர் அறிவிப்பைப் பார்த்தால், கூச்சப்படாமல் உள்ளே போய், "நான் வரணுமா, வேண்டாமா?" என்று கேட்டுவிடுங்கள்.